பென்சில் கோடாக இருக்கும்போதே

புது ரோடு எதுவானாலும் முதலில் அது டோபோ ஷீட்டில் ஒரு பென்சில் கோடு. ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த அந்தத் தாளில் கோட்டை நாலு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் தரையில் 200 மீட்டர் தள்ளிப் போகும். ரப்பரால் அழித்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொள்ளலாம், ஒருவருக்கும் நஷ்டமில்லை. அதே கோட்டுக்குக் கல் நட்டு, நில எடுப்பு அறிவிப்பு வந்து, டெண்டர் முடிந்து, கான்ட்ராக்டர் பொக்லைனைக் கொண்டுவந்து இறக்கியும்விட்டால், அப்புறம் ஒரு முழம் நகர்த்துவதற்குக்கூடத் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டும். ரோடு வேலையிலேயே தலை நரைத்தவன் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஓய்வு பெற்று உட்கார்ந்து யோசிக்கையில், தொழிலில் கற்ற இந்த ஒன்று குடும்பத்துக்கும் ஊருக்கும் அப்படியே பொருந்துவதைப் பார்க்கிறேன். ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதென்றால், அவர் சொல்லும் பதிலால் நம் வழி மாற முடிகிற நேரத்தில் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு வந்து கேட்டால் அது வெறும் சம்பிரதாயம். இதை என் பேரப்பிள்ளைகள் வயதினருக்குச் சொல்ல நினைக்கும்போதெல்லாம், ரோடும் பாலமும் போடுவதற்கு முன்னால் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் தொல்லியல் ஆய்வுதான் எனக்கு உதாரணமாக வந்து நிற்கிறது. அதிலும் அயர்லாந்தில் நடந்தவை.

அயர்லாந்து நம் தமிழ்நாட்டைவிடச் சின்ன நாடு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரிய பெரிய மோட்டார் சாலைகளை ஒரே மூச்சில் போட ஆரம்பித்தார்கள். எந்த வயலைக் கீறினாலும் பழைய குடியிருப்பு தட்டுப்படுகிற பூமி அது. ஆகவே 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய சாலை ஆணையமும் தொல்பொருளுக்குப் பொறுப்பான அமைச்சரும் சேர்ந்து ஒரு நடைமுறை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். சாலைத் திட்டங்களுக்கென்றே தொல்லியலாளர்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். கோடு போடுகிற பொறியாளரின் மேசைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கும் இடம் கிடைத்தது. இது சாதாரண மாற்றம் அல்ல. அதுவரை, வேலை நடக்கிற இடத்தில் ஏதாவது கிடைத்தால் கூப்பிட்டு அனுப்பப்படும் ஆளாகத்தான் பல நாடுகளில் தொல்லியலாளர் இருந்தார்.

இந்த ஆய்வு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். தரையை மதிக்கத் தெரிந்தவர்கள் செய்யும் வேலை அது.

தொடக்கம் காகிதத்தில். பழைய வரைபடங்கள், நிலப் பதிவேடுகள், விமானத்திலிருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்ப்பார்கள். மழை பொய்த்த கோடையில் எடுத்த வான்படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். எப்போதோ தூர்ந்துபோன அகழிக்கு மேலே நிற்கும் பயிர், அடியில் மண் ஆழமாக இருந்து ஈரம் தங்குவதால், மற்ற பயிரெல்லாம் வாடின பிறகும் பச்சையாக நிற்கும். புதைந்த சுவருக்கு மேலே நிற்பது முந்திக்கொண்டு வெளுக்கும். தரையில் நின்று பார்க்கிறவனுக்கு அது வெறும் கோதுமை வயல். மேலிருந்து பார்த்தால் ஒரு கோட்டையின் வளையம் பச்சையில் எழுதியிருக்கும்.

பிறகு நடை. உழுது போட்ட வயலில் வரிசையாக இடைவெளி விட்டு நடந்து, பானை ஓடு, கல் கருவி என்று கண்ணில் படுவதைப் பொறுக்கி, எடுத்த இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். அதற்கடுத்து காந்தமானி. அடுப்பெரிந்த இடம், சூளை போட்ட இடம், குப்பை சேர்ந்து மூடிய பள்ளம் இவற்றின் மண்ணில் காந்தத் தன்மை சிறிது மாறியிருக்கும். கருவியைச் சுமந்துகொண்டு வயலைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து நடந்தால், கணினித் திரையில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எழும்.

கடைசியாகத்தான் மண்ணைத் தொடுவார்கள். ரோட்டின் நடுக்கோடு நெடுகிலும் ஒரு சோதனைப் பள்ளம், அதிலிருந்து இருபுறமும் கிளைப் பள்ளங்கள். இதற்கு வரும் பொக்லைனில் பல் வைத்த பக்கெட் கூடாது; அகலமான, பல் இல்லாத பக்கெட்தான் மாட்ட வேண்டும். இயந்திரம் பின்னோக்கி நகர்ந்தபடியே மேல்மண்ணைச் சீவும், சீவிய தளத்தின் மீது சக்கரம் ஏறிவிடக் கூடாதென்பதற்காக. பக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று மண்ணின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மரத்தூண் நட்டிருந்த குழியில் தூண் மக்கிப்போய் ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனாலும் அந்தக் குழியை நிரப்பிய மண் சுற்றிலும் உள்ள மண்ணோடு முழுக்கக் கலந்துவிடாது. வட்டமாகக் கறுத்துத் தெரியும். அப்படிப்பட்ட கறுத்த வட்டங்களை ஒவ்வொன்றாகக் குறித்து, தாளில் சேர்த்துப் பார்த்தால் ஒரு வீட்டின் அமைப்பு வரும். வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே என்பதுகூடத் தெரியும்.

பெரும்பாலான பள்ளங்களில் ஒன்றும் கிடைக்காது. ‘இங்கே ஏதுமில்லை, வேலையைத் தொடங்கலாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இதற்கா இவ்வளவு செலவு என்று முணுமுணுக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பாலத்துக்குத் தூண் இறக்குமுன் போர் போட்டு மண்ணைச் சோதிக்கிறோம். எதிர்பார்த்த மண்ணே வந்தால் அந்தப் போருக்கான பணம் வீண் என்று எந்த இன்ஜினியரும் சொல்ல மாட்டார்.

அயர்லாந்தின் தென்கிழக்கில் வாட்டர்ஃபோர்டு என்ற துறைமுக நகரம். வைக்கிங்குகள் என்ற பழைய கடலோடிகள் உண்டாக்கிய ஊர். ஊருக்குள் நெரிசல் தாங்காமல், ஷூர் ஆற்றைக் கடந்துபோகும் புறவழிச் சாலை ஒன்றைத் திட்டமிட்டார்கள். 2003-இல் நகரத்துக்கு மேற்கே, ஆற்றின் தென்கரையில் வுட்ஸ்டவுன் என்ற இடத்தில் சோதனைப் பள்ளம் போட்டபோது, அதுவரை யாரும் அறியாத ஒரு வைக்கிங் குடியிருப்பு வெளிப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அதாவது இன்றைய வாட்டர்ஃபோர்டு நகரம் உருவாவதற்கு முன்பே, ஆற்றங்கரையை ஒட்டி அகழி வெட்டி வாழ்ந்திருக்கிறார்கள். 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. கப்பல் பலகைகளை இணைக்கும் ஆணிகள், வெட்டி நறுக்கிய வெள்ளித் துண்டுகள், 200-க்கும் மேற்பட்ட ஈய எடைக்கற்கள். காசை எண்ணிக் கொடுக்காமல் வெள்ளியை வெட்டி, தராசில் நிறுத்துக் கொடுத்த வியாபாரிகளின் இடம் அது. வைக்கிங் என்றால் கொள்ளைக்காரன் என்று மட்டும் படித்த எனக்கு அந்த ஈயக் குண்டுகள் பெரிய பாடம். நம் கடைத்தெருவில் படிக்கல் வைத்து நிறுக்கிற மனிதரின் கையைப் போன்ற ஒரு கை அவற்றை எடுத்து வைத்திருக்கிறது.

அங்கே ஒரு போர்வீரனின் கல்லறையும் இருந்தது. வாள், ஈட்டி முனை, கோடரி, கேடயத்தின் நடுக்குமிழ், சாணைக்கல். எலும்பு ஒன்றும் மிஞ்சவில்லை. மண்ணின் புளிப்பு தின்றுவிட்டது. ஆயுதங்களை வைத்துத்தான் ஆள் கிடந்த இடத்தை ஊகிக்க முடிந்தது.

இந்தக் கண்டுபிடிப்பு வந்த நேரத்தைப் பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. பாலத்துக்குத் தூண் இறங்கவில்லை. கோடு இன்னும் காகிதத்திலேயே இருந்தது. ஆகவே பேச முடிந்தது. 2005-இல் அந்த இடத்தை அப்படியே மண்ணுக்குள் பாதுகாப்பது என்று அரசு முடிவு செய்ய, ரோடு விலகிப் போனது. 2009 அக்டோபரில் புறவழிச் சாலை திறக்கப்பட்டது. 230 மீட்டர் நீளமுள்ள நடுக்கண்ணை ஒற்றைக் கோபுரத்திலிருந்து இறங்கும் இரும்பு வடங்கள் தாங்கும் அழகான பாலமும் ஷூர் ஆற்றின் மேல் எழுந்தது. ரோடு கிடைத்தது, பாலம் கிடைத்தது, வைக்கிங் ஊரும் பிழைத்தது. அதன் மிகச் சிறு பகுதியைத்தான் தோண்டியிருக்கிறார்கள். மிச்சம் பின்னால் வருகிறவர்களுக்கு.

அதே நாட்டில், அதே ஆண்டுகளில், வேறு மாதிரியும் நடந்தது. டப்ளினுக்கு வடமேற்கே மீத் என்ற மாவட்டத்தில் எம்-3 என்ற மோட்டார் சாலை. அது டாரா என்ற குன்றின் பக்கமாகப் போகிறது. டாரா அயர்லாந்து மக்களின் மனத்தில் பழைய அரசர்கள் முடிசூடிய புனித மலை. அந்தப் பள்ளத்தாக்கில் மோட்டார் சாலை வேண்டாம் என்று பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஷேமஸ் ஹீனியும் எதிர்த்துப் பேசினார். மறுபக்கம், தினமும் டப்ளினுக்கு வேலைக்குப் போய் வருவதற்குள் உயிர் போய்விடுகிறது என்று சொன்ன சாதாரண ஜனங்களும் இருந்தார்கள். அவர்கள் பக்கத்தையும் நான் ஒதுக்க மாட்டேன். ரோடு இல்லாத ஊரில் பிரசவ வலி கண்ட பெண்ணை மாட்டு வண்டியில் ஏற்றிப் போனதை என் தலைமுறை பார்த்திருக்கிறது.

2007 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைச்சர் மண்வெட்டி பிடித்துப் பணியைத் தொடங்கிவைத்தார். அதையொட்டிய நாட்களிலேயே, டாரா குன்றிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தில், லிஸ்மல்லின் என்ற இடத்தில் ஒரு பெரிய மரக்கம்ப வட்டம் கிடைத்த செய்தி வெளியே வந்தது. ரோட்டின் பாதையிலேயே இருந்தது. குறுக்களவு 80 மீட்டர். அதற்குள்ளே 16 மீட்டரில் இன்னொரு சிறு வட்டம். கிழக்குப் பக்கமிருந்து உள்ளே அழைத்துப்போகும் நடைபாதை. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முந்திய இரும்புக் காலத்தில் மக்கள் கூடி வழிபட்ட இடம் என்று தோண்டியவர்கள் கருதுகிறார்கள். கல் கிடையாது, சுவர் கிடையாது. மெல்லிய கம்புகள் நட்ட சின்னச் சின்னக் குழிகள். மேல்மண்ணை அகலமாக விரித்தெடுத்த பிறகே வட்டத்தின் முழு உருவம் தெரிந்தது.

அது தேசிய நினைவுச்சின்னம் என்று அரசே அறிவித்தது. அறிவித்துவிட்டு, முழுக்கத் தோண்டிப் பதிவு செய்துகொண்டு ரோட்டைக் கொண்டுபோகச் சொன்னது. அந்த ஆண்டு முடிவதற்குள் தோண்டல் முடிந்தது. 2010 ஜூனில் சாலை திறந்தார்கள். தோண்டியவர்கள் தங்கள் வேலையைக் குறைவில்லாமல் செய்தார்கள். ஒவ்வொரு குழியையும் அளந்தார்கள், வரைந்தார்கள், பின்னால் நல்ல புத்தகமாகவும் போட்டார்கள். ஆனால் ரோடு விலகுமா என்ற கேள்வியைக் கேட்கும் காலம் கடந்திருந்தது. நஷ்ட ஈடு, வட்டி, கெடு எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்ட பிறகு எந்த அமைச்சராலும் லேசில் கையை எடுக்க முடியாது. வுட்ஸ்டவுனைவிட லிஸ்மல்லின் மதிப்பில் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. ஒன்று வாயைத் திறந்தபோது கேட்கக் காது இருந்தது. மற்றது சில வருஷம் பிந்திவிட்டது.

தோண்டுவதென்றால் காப்பாற்றுவது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தொல்லியல் தோண்டல் ஒரு இடத்தை ஒரே ஒருமுறைதான் படிக்க விடும். படித்த பக்கம் அங்கேயே கிழிந்துபோகும். மிஞ்சுவது குறிப்பும் படமும் பெட்டியில் அடுக்கிய பொருள்களும். ஆகவேதான் அந்தத் துறையில் பழுத்தவர்கள், தோண்டாமல் விடுவதையே முதல் விருப்பமாகச் சொல்கிறார்கள். 1992-இல் மால்டா நாட்டின் வலேட்டா நகரில் ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் சாரமும் அதுதான்: திட்டம் போடும்போதே தொல்லியலையும் சேர், கூடுமானவரை இருக்கும் இடத்திலேயே இருக்க விடு.

பிந்திக் கேட்பதிலும் மோசம், தெரிந்தே கேட்காமல் விடுவது. வட அயர்லாந்தில் எனிஸ்கில்லன் நகரத்துக்குப் பக்கத்தில் ட்ரம்கிளே என்ற இடம். ஏரிக்குள் மரமும் சுள்ளியும் மண்ணும் கொட்டி மனிதர்கள் எழுப்பிய செயற்கைத் தீவு ஒன்று அங்கே இருந்தது. இருக்கிறது என்பது முன்பே தெரியும். தெரிந்தும் இணைப்புச் சாலையின் கோடு அதன் மேலேயே போனது. 2012-இல் வேலை ஆரம்பமாகி, தோண்டலை அவசரம் அவசரமாக முடிக்கப் பார்ப்பதாக மக்கள் குரல் எழுப்ப, சுற்றுச்சூழல் அமைச்சர் நேரில் வந்து பார்த்து, தீவைச் சுற்றி வேலை நடக்கக் கூடாதென்று தடுத்தார். தோண்டலுக்குக் காலம் நீட்டிக் கொடுத்தார்கள். ஈரச் சேற்றில் காற்றுப் புகாமல் கிடந்ததால் தோல் செருப்பு, சீப்பு, மரக் கிண்ணம், முடைந்த சுவர் எல்லாம் நூற்றாண்டுகள் கடந்தும் கெடாமல் வந்தன. அவ்வளவும் கிடைத்தது சந்தோஷம்தான். தீவு மட்டும் போய்விட்டது.

நம் பக்கத்தில் இதெல்லாம் இல்லாததல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தென் மாவட்டம் ஒன்றில், ரோட்டுக்குக் கிராவல் எடுக்கும் பள்ளத்தில் நின்றிருந்தேன். செம்மண் மேடு. பல் வைத்த பக்கெட் ஒரு வாய் அள்ளி இழுத்தபோது, மண்ணுக்கிடையே பெரிய வளையம் போல ஒன்று பிளந்து திறந்தது. முதுமக்கள் தாழி. வாய் விளிம்பு என் உள்ளங்கை அகலத்துக்குத் தடிமன். வெளிப்புறம் விரலால் அழுத்தியது போன்ற வடம். உள்ளே நிரம்பியிருந்த மண் வெளியே இருந்த மண்ணைப் போல இல்லை. சலித்தெடுத்தது போல மென்மையாக, சாம்பல் நிறமாக இருந்தது. அதற்குள் கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம், உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு, தேய்த்த மினுமினுப்பு அப்படியே. மண் சுமந்துகொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு அம்மா, “யாரு பெத்த புள்ளையோ” என்றார்.

வேலை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, பள்ளத்தை மூடினால் வேறு கிராவல் எங்கே கிடைக்கும், எத்தனை லோடு பாக்கி என்ற கணக்குப் பேசினார்கள். பேசியவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்கும் கெடு இருந்தது. தாழியின் துண்டுகளும் சேர்ந்தே டிப்பரில் ஏறின. அந்த ரோட்டின் அடிமண்ணில் இன்றும் கிடக்கும். அந்த மேட்டில் தாழி இருப்பது ஊருக்கே தெரியும் என்பதைப் பின்னால் டீக்கடையில் அறிந்தேன். பக்கத்துக் காட்டில் ஏர் ஓட்டும்போது ஓடு தட்டும் என்றும், அங்கே ராத்திரியில் மாடு கட்ட மாட்டோம் என்றும் ஒரு தாத்தா சொன்னார். அவரிடம் முன்பு யாரும் கேட்டதில்லை. அரை மைல் தள்ளி அதே தரத்தில் கிராவல் இருந்தது.

அந்தத் தாத்தாவை நினைக்கும்போது எனக்கு என் அத்தையின் ஞாபகமும் சேர்ந்து வரும். மாமா காலமான பிறகு ஊர் வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் நல்லவர்கள், தாய்மேல் உயிரை வைத்திருந்தவர்கள். டவுனில் ஃபிளாட் பார்த்து, ஊர் வீட்டுக்கு ஆள் பிடித்து, அட்வான்ஸ் வாங்கி, பத்திரப் பதிவுக்கு நாளும் குறித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, “நீ என்னம்மா சொல்றே?” என்று கேட்டார்கள். அத்தை, “நீங்க பாத்துச் செஞ்சா சரிதாம்ப்பா” என்றார். பிள்ளைகளுக்கு அது சம்மதமாகவே கேட்டது. எனக்குப் பிறகொரு நாள் சொன்னார்: கிணற்றடிப் பக்கம் ரெண்டு சென்ட்டை மட்டும் விற்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தாராம், பொங்கலுக்கு வந்து அங்கே பானை வைக்க. “அட்வான்ஸ் வாங்கிட்டாங்களே, இப்பப் போய்ச் சொன்னா புள்ளைங்களுக்குச் சங்கடம்” என்றார். ரெண்டு சென்ட். முதலிலேயே கேட்டிருந்தால் வாங்குகிறவர் விலையில் கொஞ்சம் குறைத்திருப்பார், அவ்வளவுதான்.

கேட்டால் என்ன கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பாதிப்பேர் கேட்பதில்லை. என் அனுபவத்தில், பழையவர்களும் பழைய இடங்களும் கேட்பது பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். அதைக் கொடுக்க முடியாமல் போவது நாம் பிந்திப் போவதால்.

ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் மோரி என்ற சிற்றூர். அங்கே எக்ஸ்பிரஸ் சாலைக்காக ஒரு குன்றை வெட்டித் திறந்து பாதை கொண்டுபோவதாகத் திட்டம். அதற்கு முந்திய தொல்லியல் ஆய்வில், 2003-இல், வாஷினோகி என்ற இடத்தில் ஒரு கல் வட்டம் வெளிப்பட்டது. சுமார் 4,000 ஆண்டுப் பழமை. ஜோமோன் எனப்படும் பழங்காலத்து மக்கள் ஏறக்குறைய 600 கற்களை அடுக்கி, 37 மீட்டருக்கு 34 மீட்டர் அளவில் வளையங்களாகப் பதித்திருந்தார்கள். குன்றை வெட்டினால் அது போய்விடும். வளைத்துக்கொண்டு போவதும் சுலபமில்லை. பொறியாளர்கள் திட்டத்தை மாற்றி, கல் வட்டத்துக்கு அடியில் சுரங்கம் போட்டார்கள். 2006-இல் அது தேசிய வரலாற்றிடமாக அறிவிக்கப்பட்டது. இன்று வண்டிகள் கீழே போகின்றன, கற்கள் மேலே வைத்த இடத்தில் இருக்கின்றன. ரோடு போடுகிறவன் என்ற முறையில் அந்த முடிவை எடுத்தவர்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. தலைக்கு மேல் அவ்வளவு பழைய ஒன்றை வைத்துக்கொண்டு அதற்கு அடியில் குடைவதென்றால் ஒவ்வொரு அடியிலும் கவனம் வேண்டும். அதிக வேலையை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள்.

ஜப்பானில் 1950-ஆம் ஆண்டிலேயே பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் வந்துவிட்டது. நாடு முழுவதும் தொல்பொருள் புதைந்த 4,50,000-க்கும் மேற்பட்ட இடங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. ஒரு கட்டுமானத்தால் அப்படியொரு இடத்தைத் தோண்ட வேண்டி வந்தால், தோண்டலுக்கான செலவை அந்தக் கட்டுமானத்தைக் கொண்டுவருகிறவரே ஏற்பது அங்கே வழக்கம். செலவு யாருடையது என்று முன்பே தெளிவாக இருப்பதால், கிடைத்ததை மறைத்து மண்ணைப் போடும் ஆசையும் குறைகிறது. நம் கிராவல் பள்ளத்தில் நின்றவர்களுக்கு அந்தத் தெளிவு இல்லை. வேலை நின்றால் ஒவ்வொரு நாளும் தங்கள் கையைக் கடிக்கும் என்று மட்டுமே அவர்களுக்குத் தெரியும்.

இந்தியாவில் சட்டமே இல்லை என்று சொல்லக் கூடாது. பூமியில் கிடைக்கும் புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1878-இலிருந்து இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தம், மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கச் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது பலகை வைத்த இடத்தைத்தான் காக்கும். செம்மண் மேட்டுத் தாழிக்குப் பலகை ஏது? வுட்ஸ்டவுனுக்கும் பலகை இருந்ததில்லை. தெரியாததைத் தேடிப் போய்ப் பார்க்கும் வழக்கம்தான் நமக்கு வேண்டும்.

அந்த வழக்கம் இல்லாமல் இந்தத் துணைக்கண்டம் இழந்தது எவ்வளவு என்பதற்கு ஹரப்பாவைவிட வேறு சாட்சி வேண்டாம். 1850-களில் லாகூர் – முல்தான் ரயில் பாதைக்கு ஜல்லி தேவைப்பட்டபோது, ஹரப்பா மேட்டிலிருந்து சுட்ட செங்கல்லை வண்டி வண்டியாக அள்ளினார்கள். ஏறத்தாழ நூறு மைல் தூரத்துக்குத் தண்டவாளத்தின் அடியில் அந்தச் செங்கல் போனது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1870-களில் போய்ப் பார்க்கையில், முன்பு தாம் அங்கே கண்டவற்றில் பெரும்பகுதியைக் காணவில்லை. சிந்துவெளியில் ஒரு பெரிய நாகரிகம் இருந்தது என்று தொல்லியல் துறையின் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924-இல். அதற்குள் அதன் சுவர்கள் மேல் ஏறத்தாழ அறுபது ஆண்டு ரயில் ஓடிவிட்டது. செங்கல்லை அள்ளியவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. கேட்டுச் சொல்ல அன்றைக்கு ஆளும் இல்லை. இன்றைக்கு நமக்கு ஆள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மாநிலத் தொல்லியல் துறையே 1961-இலிருந்து இயங்குகிறது. பல்கலைக்கழகங்களில் தொல்லியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வயல் வயலாக நடந்து தாழி, கல்வட்டம், நடுகல் தேடி எழுதும் பள்ளி ஆசிரியர்கள் மாவட்டம்தோறும் இருக்கிறார்கள். ஆறுவழிச் சாலை, எட்டுவழிச் சாலை, ஆற்றுக்கு ஆறு பாலம் என்று வருகிற காலம் இது. ஒவ்வொரு திட்டத்துக்கும் விரிவான அறிக்கை தயாராகிறது. மண் பரிசோதனைக்கு ஒரு தலைப்பு, போக்குவரத்துக் கணக்கெடுப்புக்கு ஒரு தலைப்பு, மரங்களுக்கு ஒரு தலைப்பு. மண்ணுக்கடியில் உள்ள பழமைக்கும் ஒரு தலைப்பும், அதற்கென்று எஸ்டிமேட்டில் ஒரு தொகையும் வேண்டும். கிராவல் எடுக்கும் இடங்களையும் அதில் சேர்க்க வேண்டும். ரோட்டின் பாதையைப் பார்த்துவிட்டு, ரோட்டுக்கு மண் எடுக்கும் மேட்டைப் பார்க்காமல் விட்டால் பிரயோசனமில்லை.

காந்தமானி இல்லை, வான்படம் இல்லை என்று காத்திருக்கவும் வேண்டாம். முதல் சுற்றுக்கு நடக்கிற காலும் கேட்கிற வாயும் போதும். அலைன்மென்ட் பார்க்கப் போகும் இளம் இன்ஜினியர்கள் ஊர் ஊராக இறங்கிக் கேட்கட்டும். பலத்த மழைக்கு மறுநாள் பானை ஓடு எங்கே தலைகாட்டும்? எந்த மேட்டில் கலப்பை இறங்காது? பாண்டவர் குழி என்று எதைச் சொல்கிறார்கள்? கிணறு வெட்டும்போது சுட்ட செங்கல்லோ உறையோ யாருக்காவது தட்டியதா? ஆடு மேய்க்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்; அவர்களைப் போல் காட்டை அடி அடியாக அறிந்தவர்கள் கிடையாது. காலையில் போனால் எல்லோரும் மாடு கன்றோடு அவசரத்தில் இருப்பார்கள். வெயில் தாழ்ந்த பிறகு போவது நல்லது. ஒருமுறை கேட்டுப் பதில் வரவில்லையென்றால் இன்னொரு முறை போக வேண்டும். புதிதாக வந்து நிற்கிற ஆளிடம் கிராமத்துப் பெரியவர்கள் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டார்கள்.